சித்தியின் போனிலிருந்து 37 செயலிகளைக் கழற்றிய கதை

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏற்காட்டு மலையில், நாகலூர்ப் பக்கம் சித்தி வீட்டுக் களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. சேலம் லீ பஜார் வியாபாரி, சரக்கைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார். சித்தி போனை எடுத்து மிளகின்மேல் நீட்டினார். 'சேமிப்பிடம் நிரம்பிவிட்டது' என்று வந்தது. சரி, வியாபாரியைக் கூப்பிட்டே பேசிவிடலாம் என்று பார்த்தால், பூட்டுத்திரையில் ஒரு நடிகை முகம் கழுவும் கிரீம் விற்றுக்கொண்டிருந்தார். அதைத் தள்ளினால் ஏதோ ஒரு கடையின் பக்கம் திறந்தது. அதை மூடினால் ரம்மி ஆடக் கூப்பிட்டது.

"கண்ணு, இத யாருக்காவது தள்ளி உட்டுட்டு வேற வாங்கிக் குடு. இதுக்குள்ள யாரோ குடியிருக்கறாங்க" என்றார்.

சித்தி சொன்னதில் தப்பே இல்லை. பத்தாயிரம் ரூபாய்க்குள் விற்கிற பல போன்களில் நாம் அழைக்காத ஆட்கள் குடியிருக்கிறார்கள். செயலிக்காரர்கள் தங்கள் சரக்கை முன்கூட்டியே போட்டுவைக்கத் தயாரிப்பாளருக்குக் காசு கொடுக்கிறார்கள். போன் விலை கொஞ்சம் இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். எந்த நிறுவனத்துப் போன் என்று சொல்லப்போவதில்லை. 3 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பு, வாங்கி மூன்று வருடம். சேலத்தில் வாங்கிக் கொடுத்ததே நான்தான். அதனால் பொறுப்பும் என்னுடையது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் போன் மெக்கானிக் இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறவன். என் பழைய போனில் இந்த வேலையை இரண்டு முறை செய்திருக்கிறேன், அதில் ஒரு முறை கெடுத்தும் இருக்கிறேன். அந்தக் கதை பின்னால் வரும்.

முதல் ஞாயிறு: கையால் முடிந்தவரை

லேப்டாப் எடுத்துப் போகவில்லை. செட்டிங்ஸில் சேமிப்பிடக் கணக்கைத் திறந்தேன். 32 ஜிபியில் 11 ஜிபிக்குமேல் 'சிஸ்டம்' என்று இருந்தது. அதில் கைவைக்க முடியாது. அடுத்த பெரிய ஆள் வாட்ஸ்அப். உறவுக்காரர் குரூப் இரண்டு, கோயில் குரூப் ஒன்று, காப்பி விவசாயிகள் குரூப் ஒன்று. நான்கிலும் தினமும் பூப்போட்ட காலை வணக்கம். ஸ்டோரேஜ் நிர்வாகம் என்கிற பகுதியில் போய், பலமுறை ஃபார்வர்ட் ஆனவை, 5 எம்பிக்கு மேலானவை என்று பிரித்துப் பார்த்து அழித்தேன். பேரன் வீடியோக்களை மட்டும் சித்தி பக்கத்திலேயே உட்கார்ந்து காப்பாற்றினார். கிட்டத்தட்ட 3 ஜிபி காலியானது. கடைசியில் இந்தப் போனில் கிடைத்த இடத்தில் பாதிக்குமேல் இந்தக் காலை வணக்கங்களிலிருந்து வந்ததுதான். செயலி நீக்குவதால் மட்டும் போன் பஞ்சாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்புறம் செயலிப் பட்டியல். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் மூன்று சாதி தெரியும். சிலவற்றில் 'நிறுவல் நீக்கு' என்ற பொத்தான் இருக்கும். சிலவற்றில் 'முடக்கு' மட்டும் இருக்கும். சிலவற்றில் அந்தப் பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். வாடகை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பரணில் பழைய குடித்தனக்காரர் விட்டுப்போன மூட்டையை எடுத்து வெளியே போட்டுவிடலாம். அதுதான் முதல் சாதி. சுவரோடு கட்டிய சிமெண்ட் அலமாரியை எடுக்க முடியாது. உள்ளே இருப்பதைக் காலி செய்து கதவைச் சாத்தலாம், அவ்வளவுதான். மற்ற இரண்டு சாதியும் அப்படிப்பட்டவை. போனில் சிஸ்டம் பகுதி என்று ஒன்று தனியாக இருக்கிறது. சாதாரணப் பயன்பாட்டில் அதைப் படிக்கலாம், எழுத முடியாது. தொழிற்சாலையிலேயே அதில் பதித்த செயலியின் மூலக்கோப்பு அங்கேயேதான் இருக்கும்.

விளையாட்டு, கடை, கடன் என்று முதல் சாதியில் 11 கிடைத்தன. அழித்தேன். ஐந்தை முடக்கினேன். பூட்டுத்திரை விளம்பரத்தை அதன் செட்டிங்ஸிலேயே நிறுத்த வழி இருந்தது, நான்கு பக்கம் உள்ளே தள்ளி ஒளித்து வைத்திருந்தார்கள். முகப்பில் 'பிரபலமானவை' என்று ஒரு பெட்டி, நிறைய ஐகான்களோடு. அந்த ஐகான்கள் எல்லாம் செயலிகளே இல்லை. முகப்புத்திரை காட்டுகிற விளம்பரம், தொட்டால்தான் இறங்கும். அந்தப் பெட்டியை அழுத்திப் பிடித்து, பரிந்துரையை நிறுத்தினால் போதும். அவ்வப்போது 'ஜோதிடம் வேண்டுமா, கிரிக்கெட் வேண்டுமா' என்று கேட்டு வந்த சின்னப் பெட்டி போன் கம்பெனி வேலையும் இல்லை, சிம் கார்டு வேலை. சிம் டூல்கிட் என்ற செயலியைத் திறந்து, அதற்குள்ளேயே அந்தச் சேவையை நிறுத்தினேன்.

மிளகைப் படம் எடுத்து அனுப்பினார் சித்தி. வியாபாரி விலை சொன்னார். எனக்கு ஒரு படி மிளகும் நல்ல பெயரும் கிடைத்தன. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் குகைப் பகுதிக்கு வந்து சேர்ந்தேன்.

நல்ல பெயர் ஒன்பது நாள்தான் தாங்கியது. "டேய் தம்பி, நீ அழிச்ச அன்னிக்கி நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப மறுபடி நாலு வெளாட்டு வந்து உக்காந்திருக்குது" என்று சித்தப்பா கூப்பிட்டார். அவர்கள் யாரும் எதையும் தொடவில்லை. அழித்ததே திரும்பவும் வரவில்லை, புதிய நான்கு.

அப்போதுதான் உறைத்தது. நான் களையைப் பிடுங்கினேன், விதைக்கிற ஆளை விட்டுவிட்டேன். போனுக்குள் ஒரு சிஸ்டம் செயலி இருக்கிறது. அதற்கு ஐகான் கிடையாது. அதன் வேலையே இணையம் கிடைக்கும்போது பின்னாலிருந்து செயலிகளை இறக்கிப் பதிப்பது. பிளே ஸ்டோர் வழியாகவும் போகாது, நம்மையும் கேட்காது. மலைமேல் சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடு என்று ஆடுகிற வீட்டில், சித்தியின் தினசரி டேட்டா எங்கே போகிறது என்பதற்கும் இதுதான் பதில். செட்டிங்ஸில் அதன் முடக்கு பொத்தான் சாம்பல் நிறம்.

இரண்டாவது ஞாயிறு: லேப்டாப்போடு

இந்த முறை பையில் லேப்டாப், கம்பி, ஒரு நாற்பது பக்க நோட்டு. நோட்டுதான் முக்கியம் என்பது பிறகு தெரிந்தது.

இந்த வேலைக்கு ரூட் செய்ய, அதாவது சிஸ்டம் பகுதியிலும் எழுதுகிற முழு அதிகாரத்தைக் கைப்பற்ற, தேவையில்லை. போன் எழும்போது முதலில் ஓடுகிற பூட்லோடரின் பூட்டைத் திறக்கவும் வேண்டாம். திறந்தால் போனில் உள்ள தகவல் எல்லாம் அழியும், வங்கிச் செயலிகள் பல முரண்டு பிடிக்கும். தேவைப்படுவது ஏடிபி என்ற கருவி மட்டும். ஆண்ட்ராய்டு செய்கிறவர்கள் கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்க கூகுளே தருகிறது. பிளாட்ஃபார்ம் டூல்ஸ் என்ற ஜிப் கோப்பாக ஆண்ட்ராய்டு டெவலப்பர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அங்கிருந்தே இறக்குங்கள். 'ஒரே கிளிக்கில் குப்பை நீக்கம்' என்று எவனோ பொட்டலம் கட்டி வைத்திருப்பதை இறக்கினால், குப்பையை அள்ளப் போய்க் குப்பை வாங்கி வந்த கதையாகிவிடும்.

போனில் முதலில் டெவலப்பர் பக்கத்தைத் திறக்க வேண்டும். 'ஃபோன் அறிமுகம்' பகுதியில் பில்ட் எண் என்று இருக்கும். அதை ஏழு முறை தட்டினால் 'நீங்கள் இப்போது டெவலப்பர்' என்று வரும். சித்தப்பா எட்டிப் பார்த்து, "அவளுக்கு எப்படா பட்டம் குடுத்தாங்க?" என்றார். அதற்குப் பிறகு டெவலப்பர் விருப்பங்களில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்க வேண்டும். கம்பி வழியாகக் கணினி கொடுக்கிற கட்டளையைப் போன் ஏற்க அனுமதிப்பது அதுதான்.

கம்பியைச் சொருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. லேப்டாப்பில் டிரைவர் மென்பொருளை மாற்றினேன், லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தேன், வேறு துளையில் சொருகினேன். முக்கால் மணி நேரம். கடைசியில் பார்த்தால் கம்பி, சார்ஜ் ஏற்றும் கம்பி. உள்ளே தகவல் போகிற இழையே இல்லை. போன் பெட்டியோடு வந்த பழைய கம்பி, சித்தி வீட்டில் கொடிக்கயிற்றுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதை அவிழ்த்துச் சொருகியதும் போன் திரையில் 'இந்தக் கணினியை அனுமதிக்கவா' என்று கேள்வி வந்தது. அனுமதித்தேன். என் சொந்த லேப்டாப் என்றாலும் 'எப்போதும் அனுமதி' என்பதைத் தொடவில்லை.

கட்டளைகளை ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி பிசகாமல் அடிக்க வேண்டும். இங்கே வாசிக்கிற மாதிரிதான் எழுதுகிறேன். முதல் கட்டளை 'ஏடிபி டிவைசஸ்'. போனின் எண் வந்து பக்கத்தில் 'டிவைஸ்' என்று இருந்தால் பாலம் போட்டாயிற்று. 'அன்ஆதரைஸ்டு' என்று வந்தால் போன் திரையில் அந்தக் கேள்வி இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறது என்று பொருள்.

அடுத்து 'ஏடிபி ஷெல் பிஎம் லிஸ்ட் பேக்கேஜஸ்'. இது போனில் உள்ள எல்லாப் பொட்டலங்களின் (செயலிகளுக்கு ஆண்ட்ராய்டு வைத்திருக்கிற பெயர் அது) பெயரையும் கொட்டும். சித்தி போனில் 312 வரி. அதைத் தொடுவதற்கு முன்பே ஒரு கோப்பில் சேமித்துக்கொண்டேன். தொடர்புகள், படங்கள் எல்லாவற்றையும் லேப்டாப்பில் நகல் எடுத்தேன். இதில் சோம்பல்படக் கூடாது.

பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வலைத்தள முகவரியைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும்: காம், புள்ளி, நிறுவனம், புள்ளி, வேலை. நிறுவனம் இருக்க வேண்டிய இடத்தில் 'ஆண்ட்ராய்டு' என்று இருந்தால் அது வீட்டு அஸ்திவாரம். கை வைப்பதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். தயாரிப்பாளர் பெயர் இருந்தால் பாதி அலங்காரம், பாதி தூண். வேறு யாருடைய பெயரோ இருந்தால் அதுதான் வாடகை தராத குடித்தனம். ஒரு பெரிய சமூக வலைத்தளத்தின் செயலியைச் சித்தி ஒருநாளும் பதிக்கவில்லை. ஆனாலும் அந்தப் பெயரில் மூன்று பொட்டலங்கள் ஐகான் இல்லாமல் உள்ளே ஓடிக்கொண்டிருந்தன.

தெரியாத பெயர் எதற்கு என்று கண்டுபிடிக்க எனக்கு உதவியது யூனிவர்சல் ஆண்ட்ராய்டு டீப்ளோட்டர் என்ற திறமூலக் கருவியின் பட்டியல். அதில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் விளக்கமும், தாராளமாக எடுக்கலாம், தெரிந்தவர் எடுக்கலாம், கைதேர்ந்தவர் மட்டும், தொடவே கூடாது என்கிற மாதிரி நான்கு தரமும் இருக்கும். அந்தக் கருவியிலேயே எல்லாவற்றையும் டிக் அடித்து ஒரே தட்டில் நீக்கவும் முடியும். நான் அப்படிச் செய்யவில்லை. பட்டியலைப் படித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கையால் அடித்தேன். 60 செயலியை ஒரே மூச்சில் எடுத்துவிட்டு மறுநாள் ஒன்று வேலை செய்யவில்லை என்றால், அறுபதில் எது குற்றவாளி என்று தேடுவது நரகம்.

நீக்கும் கட்டளை: 'ஏடிபி ஷெல் பிஎம் அன்இன்ஸ்டால்', பிறகு இரண்டு கோடு போட்டு 'யூசர் 0', பிறகு பொட்டலத்தின் பெயர். 0 என்பது போனின் முதல் பயனர், அதாவது சித்தி. இந்தக் கட்டளை சுவர் அலமாரியை இடிப்பதில்லை; சித்திக்கு அது தெரியாமல் மறைத்துவிட்டு, அதன் தகவலை அழிக்கிறது. செயலி ஓடாது, பின்னணியில் எழாது, டேட்டா தின்னாது. மூலக்கோப்பு சிஸ்டத்தில் இருப்பதால் திரும்பக் கொண்டுவரலாம். போனை ஃபேக்டரி ரீசெட் செய்து, புதிதாக வாங்கிய நிலைக்குத் திருப்பினாலும் எல்லாம் பழையபடி வந்துவிடும். இந்த வழியில் துணிந்து இறங்க முடிவதற்கே அதுதான் காரணம்.

இணையத்தில் சுற்றுகிற பட்டியல்கள் பலவற்றில் இந்தக் கட்டளையின் நடுவே ஒரு கோடு போட்ட 'கே' இருக்கும். அது செயலியின் தகவலை அழிக்காமல் வைத்துக்கொள் என்று சொல்வது. இடம் காலியாக வேண்டும் என்பவர் அதை ஏன் சேர்க்க வேண்டும்? ஒருவர் எழுதியதை நூறு பேர் அப்படியே நகல் எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இடம் பற்றி இன்னொன்று. சிஸ்டம் செயலிக்குப் பிளே ஸ்டோரிலிருந்து புதுப்பிப்பு வந்தால், அது சிஸ்டம் பகுதியில் போய் உட்காராது. நம் தகவல் பகுதியில் தனியாக உட்காரும். மூன்று வருடப் புதுப்பிப்பு என்றால் ஒவ்வொன்றும் 100, 200 எம்பி. மேலே சொன்ன கட்டளை ஒரு பயனருக்கு மட்டும் என்பதால், அந்தப் புதுப்பிப்பை வெளியேற்றாமல் போகலாம். அதனால் முதலில் செட்டிங்ஸில் அந்தச் செயலியின் மூன்று புள்ளியைத் தொட்டு 'புதுப்பிப்புகளை நீக்கு' கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கட்டளை. இந்த வரிசையில் செய்ததில் இன்னும் 2 ஜிபி போல மீண்டது.

முதல் ஆளாக, அந்த விதைக்கிற செயலி. கட்டளை அடித்தேன். 'சக்சஸ்' என்று வந்தது. அடுத்து அந்த மூன்று ஐகான் இல்லாத பொட்டலங்கள். அடுத்து தயாரிப்பாளரின் சொந்தப் பிரவுசர், சொந்தச் செயலிக் கடை, விளம்பரச் சேவை, 'பயன்பாட்டு அனுபவத்தை மேம்படுத்த' என்ற பெயரில் கணக்கெடுக்கிற ஒன்று, திரைத் தோற்றம் விற்கிற தீம் கடை, விளையாட்டு மையம். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிவிட்டுத்தான் அடித்தேன். ஐந்துக்கு ஒரு முறை போனை அணைத்துப் போட்டு, அழைப்பு, எஸ்எம்எஸ், கேமரா, பணம் அனுப்பும் செயலி நான்கும் திறக்கிறதா என்று பார்த்தேன். சந்தேகமானவற்றை நீக்காமல் 'டிசேபிள்-யூசர்' என்று முடக்கி மட்டும் வைத்தேன். ஒரு வாரம் யாரும் அதைத் தேடவில்லை என்றால் பிறகு நீக்கிக்கொள்ளலாம்.

விட்டுவைத்தவை

எடுத்ததைவிட எடுக்காமல் விட்டதைச் சொல்வதுதான் பயன். 'புரொவைடர்' என்று பெயரில் வருவது எதையும் தொடக் கூடாது. தொடர்பு எண்கள், படங்கள், எஸ்எம்எஸ், பதிவிறக்கம் எல்லாவற்றின் பெட்டகமும் அவைதான். வெப்வியூ போனால், உள்ளே வலைப்பக்கம் காட்டுகிற செயலிகள் எல்லாம் கண் இழந்து போகும். பிளே சர்வீசஸ், பேக்கேஜ் இன்ஸ்டாலர், போன் அழைப்பு, சிம் சம்பந்தப்பட்டவை, சிஸ்டம் புதுப்பிப்பு, தொலைந்த போனைக் கண்டுபிடிக்கும் சேவை, தயாரிப்பாளரின் பாதுகாப்புச் செயலி இவற்றைத் தொடவில்லை. கடைசி இரண்டும் பார்க்க அலங்காரம் மாதிரி இருக்கும். ஆனால் சில போன்களில் அவற்றை எடுத்தால் போன் திறக்காமல் லோகோவிலேயே சுற்றிக்கொண்டு நிற்கும். அப்புறம் ரீசெட் தவிர வழியில்லை. முகப்புத்திரையை எடுக்க வேண்டும் என்றால் முதலில் வேறு ஒன்றைப் பதித்து, அதையே வழக்கமான முகப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டு எடுக்க வேண்டும்.

கீபோர்டுக்கும் அதே விதி. இதில்தான் நான் என் பழைய போனைக் கெடுத்தேன். கூடவே வந்த கீபோர்டை எடுத்துவிட்டு, நானே பதித்த ஒரு தமிழ்க் கீபோர்டை வைத்திருந்தேன். நன்றாகத்தான் ஓடியது, ரீஸ்டார்ட் செய்யும்வரை. போன் அணைந்து எழுந்ததும் முதல் முறை பூட்டைத் திறக்கும்வரை, நாம் பதித்த செயலிகள் பெரும்பாலும் விழிக்காது. என் பூட்டு எழுத்து கலந்த பாஸ்வேர்டு. திரையில் கட்டம் இருக்கிறது, தட்டக் கீபோர்டு இல்லை. பட்டறையில் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். போனில் கீபோர்டு, பென்டிரைவ் போன்றவற்றை மாட்ட உதவுகிற ஓடிஜி கம்பியில் அலுவலகக் கம்ப்யூட்டரின் கீபோர்டைச் சொருகி, அதில் பாஸ்வேர்டை அடித்து உள்ளே போனேன். நான்கு இலக்கப் பின் என்றால் போனே எண் பலகை காட்டிவிடும், இந்தத் தொல்லை இல்லை. ஓடிஜி கம்பி அதற்குப் பிறகு எப்போதும் என் பையில்.

இன்னொன்று, 'செல் பிராட்காஸ்ட்' என்ற பெயரில் வரும். 312 வரியில் அதைப் பார்த்ததும் எனக்கும் கை பரபரத்தது. ஏதோ விளம்பர ஒலிபரப்பு போலத்தான் தோன்றும். அது பேரிடர் எச்சரிக்கை வருகிற வாசல். 2023-இல் சோதனைக்காக நாட்டின் பல பகுதிகளில் போன்கள் ஒரே நேரத்தில் அலறினவே, அது இதன் வழியாகத்தான். இது ஒருவருக்கு ஒருவர் அனுப்புகிற எஸ்எம்எஸ் மாதிரி இல்லை. ஒரு டவரின் எல்லைக்குள் இருக்கிற எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் போகும், நெரிசலில் மாட்டாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்ற நாட்களைப் பார்த்த வீடு இது. விட்டுவைத்தேன். நோட்டில் பக்கத்தில் 'தொடாதே' என்றும் எழுதினேன்.

திரும்பி வந்த ஒன்று

மாலை நான்கு மணிக்கு நோட்டில் 27 வரி ஆகியிருந்தது. முதல் ஞாயிறு அழித்த பதினொன்றையும் சேர்த்தால் 38. போன் எழும் நேரம் பாதியாகக் குறைந்திருந்தது. பூட்டுத்திரையில் இப்போது பேரன் படம் மட்டும். காப்பியைக் குடித்துக்கொண்டே, இதில் கொஞ்சம் பெருமை அடித்துக்கொண்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

சித்தி அடுப்படியிலிருந்து ஒரு பழைய இயர்போனை எடுத்து வந்து போனில் சொருகினார். ஒரு காதுப்பக்கம் பிய்ந்து போன இயர்போன். திரையில் எதையோ தேடினார். இரண்டாம் பக்கம் போனார், மூன்றாம் பக்கம் போனார்.

"ரேடியோ எங்க கண்ணு?"

நோட்டைப் பார்த்தேன். 19-ஆவது வரி. எஃப்எம் ரேடியோ. யார் இந்தக் காலத்தில் போனில் எஃப்எம் கேட்கிறார்கள் என்று, கேட்காமலேயே எடுத்திருந்தேன்.

சித்தி கேட்கிறார். தினமும், காலை அடுப்பு மூட்டுவதிலிருந்து. டேட்டா வேண்டாம், டவர் வேண்டாம். மழை நாளில் கரண்டும் சிக்னலும் சேர்ந்து போனால் இந்த வீட்டில் வெளியுலகச் சத்தம் அது ஒன்றுதான். அந்தப் பிய்ந்த இயர்போன் கேட்பதற்குக் கூட இல்லை. அதன் கம்பிதான் ஆன்டெனா, ஒலி ஸ்பீக்கரில் வரும். பிளே ஸ்டோரில் வேறு ரேடியோ போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயை மூடிக்கொண்டேன். அங்கே எஃப்எம் என்ற பெயரில் இருப்பவை பெரும்பாலும் இணையத்தில் ஓடுகிறவை. போனுக்குள் இருக்கிற எஃப்எம் சில்லோடு பேசத் தெரிந்தது, தயாரிப்பாளர் கூடவே வைத்த அந்தச் செயலிதான். நான் குப்பை என்று எறிந்ததில் ஒன்றுக்கு மாற்றே கிடையாது.

கம்பியை மறுபடி மாட்டினேன். 'ஏடிபி ஷெல் சிஎம்டி பேக்கேஜ் இன்ஸ்டால்-எக்சிஸ்டிங்', பிறகு 19-ஆவது வரியில் இருந்த பெயர். இரண்டு நொடி. ஐகான் திரும்பி வந்தது. நிலையங்களை மறுபடி தேட வைத்தேன், ஏனென்றால் தகவலும் அழிந்திருந்தது. நோட்டில் எழுதாமல் இருந்திருந்தால் 312 வரியையும் இப்போதைய பட்டியலையும் ஒப்பிட்டுத் தேடிக்கொண்டிருப்பேன். அந்த வரியைக் கோடு போட்டு அடித்தேன். 37.

அதற்கப்புறம் மீதி வரிகளையும், முடக்கி மட்டும் வைத்தவற்றையும் ஒவ்வொன்றாகச் சித்தியிடம் வாசித்துக் காட்டினேன். "திசைகாட்டி?" வேண்டாம். "குரல் பதிவு?" அது வேண்டும், சங்கக் கூட்டத்தில் பேசுவதைப் பதிந்துகொள்வார். நல்லவேளை, அதை முடக்கி மட்டும் வைத்திருந்தேன். இதைக் காலையிலேயே செய்திருக்க வேண்டும்.

கிளம்பும் முன், சித்தி கடைக்காரருக்குப் பணம் அனுப்பப் பார்த்தார். வங்கிச் செயலி திறக்க மறுத்தது. டெவலப்பர் விருப்பம் இயங்கிக்கொண்டிருந்தால் சில வங்கிச் செயலிகள் உள்ளே விடாது. யூஎஸ்பி டீபக்கிங்கையும் டெவலப்பர் பக்கத்தையும் அணைத்தேன், உடனே திறந்தது. வேலை முடிந்ததும் எப்படியும் அணைத்துவிட வேண்டியதுதான், திறந்து வைத்துவிட்டு வரக் கூடாத கதவு அது.

லேப்டாப் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு 11-இலிருந்து கம்பி இல்லாமலே இதைச் செய்கிற வயர்லெஸ் டீபக்கிங் வந்துவிட்டது. ஷிசுக்கு என்ற செயலி அந்த வழியாக ஏடிபியின் அதிகாரத்தைப் போனுக்குள்ளேயே வாங்கித் தரும். கான்டா என்ற செயலி அதை வைத்துக்கொண்டு பட்டியல் காட்டி நீக்கும், திரும்பவும் பதித்துத் தரும். போன் ஏதாவது ஒரு வைஃபையில் இருக்க வேண்டும். வீட்டில் வைஃபை இல்லை என்றால் இன்னொரு போனின் ஹாட்ஸ்பாட் போதும். என் போனில் செய்து பார்த்தேன், நன்றாக வேலை செய்தது. தட்டுவது சுலபம் என்பதால் அவசரமும் சுலபம். நோட்டை மறக்காதீர்கள்.

சித்தப்பாவுக்கு ஒரே கேள்விதான்: "நாம காசு குடுத்து வாங்கின போன்ல நாம அழிக்கறதுக்கு இவ்ளோ சுத்து எதுக்குடா?" நல்ல கேள்வி. ஐரோப்பாவில் டிஜிட்டல் சந்தைச் சட்டம் 2024 மார்ச்சிலிருந்து பெரிய நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. கூடவே வந்த செயலியைச் சுலபமாக நீக்க விடு என்பதும் அதில் ஒரு விதி. இங்கே இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு வழக்கில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. முன்கூட்டியே பதிக்கும் ஏற்பாடும் அந்த வழக்கில் பேசப்பட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை நிலைநிறுத்திவிட்டு, ஆணையத்தின் உத்தரவுகள் சிலவற்றை விலக்கியது. சித்தப்பாவிடம் இவ்வளவும் சொன்னேன். "அப்ப நோட்ட பத்திரமா வெய்யி" என்றார்.

நோட்டு இப்போது ரேஷன் கார்டோடு சித்தி வீட்டு பீரோவில் இருக்கிறது. ஏப்ரலில் போனுக்கு ஒரு சிஸ்டம் புதுப்பிப்பு வந்தது. அடுத்த நாளே சித்தப்பா கூப்பிட்டு, தயாரிப்பாளரின் பிரவுசரும் விளையாட்டு மையமும் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கின்றன என்று வரி எண்ணோடு சொன்னார்: 4, 11. விதைக்கிற ஆள் வரவில்லை, அதை முதலில் கேட்டுவிட்டேன். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மேலே போகும்போது இரண்டையும் எடுத்துவிடுகிறேன் என்றேன்.

சித்தப்பா கையிலிருந்து போனைச் சித்தி வாங்கிக்கொண்டார். பின்னால் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது, கொஞ்சம் கரகரப்போடு.

"வரும்போது செவ்வாப்பேட்டைல ஒரு ஹெட்போன் வாங்கியா கண்ணு. வெலை கம்மியா இருந்தாப் போதும், வயரு மட்டும் நீளமா இருக்கோணும்."